ஓட்டில் போட்ட ஓட்டு

ஜூன் 9

மாண்புமிகு அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: பல்லாண்டுகள் என் வலது கையாக விளங்கியதும், மாடிப்படியில் எத்தனை முறை விழுந்தும் மனம் தளராததுமான என் போன், சென்ற வெள்ளிக்கிழமை மாலை அப்பாவின் டைல்ஸ் கடைக் கல்லாப்பெட்டியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. முழுப்பரீட்சை முடியும்வரை அது கண் திறக்காது. உற்றார் உறவினர் இதையே அழைப்பாகக் கருதி எனக்குப் புதுப் போன் அனுப்பி வைக்கலாம்.

நான் நலம். நீ நலமா? அம்மாவும் நலம். அம்மா போனில் உன்னிடம் பேசலாம்தான். ஆனால் அந்தப் போனுக்கு ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசத் தெரியும், தெருவே கூடி நின்று கேட்கும். ஆகவே கடிதம்.

குற்றம் என்னவென்று கேட்பாய். சின்ன விஷயம். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன்: "நாளை முதல் வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்பதற்குப் பதிலாகக் கிரேக்க மொழியில் 'பாரெய்மி' என்று சொல்ல வேண்டும். இப்படிக்கு நிர்வாகம்." உன் அகராதியில் பார்த்துத்தான் எழுதினேன், சுத்தமான கிரேக்கம். மறுநாள் ஆறாம் வகுப்பு முழுக்க எழுந்து நின்று பாரெய்மி, பாரெய்மி என்றது. அவர்கள் டீச்சர், பிள்ளைகளுக்கு ஏதோ தொற்று வந்துவிட்டது என்று ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார்.

இன்னொரு செய்தி. இதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நூலகத்தில் நீ படிக்கிற காலத்தில் உருவாக்கிய கிரேக்க மூலையைக் காலி செய்யப்போகிறார்களாம். துணை முதல்வர் உத்தரவு. எதைப் பார்த்தாலும் "பெருக்கித் தள்ளு" என்பாரே, அவர்தான். எங்கள் செட்டில் அவருக்கு விளக்குமாறு என்று பெயர். உன் தடி அகராதி, நீ சிவப்பில் கறுப்பு வரைந்த கோப்பைகள், மூக்கு உடைந்த சுண்ணாம்புத் தலை மூக்கறுந்தான், 'எங்கே தொடங்குவது' என்று நீ எழுதி வைத்த அட்டைகள், கடைப் பெட்டியைப் பிரித்து அதன்மேல் நீ வரைந்த பெரிய வரைபடம், எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு. அந்த இடத்துக்குப் பரீட்சை கைடுகள் வருகின்றன.

நான் விடப்போவதில்லை. எழுதி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
மூலையின் காவலன்,
வாலு


ஜூன் 22

அன்புள்ள வாலு,

நலம். இங்கே ஓயாத மழை. என் அறைக்குக் கீழே சலவைக் கடை, அதனால் தரையிலிருந்து ஆவி வருகிறது, துணி மட்டும் காய்வதில்லை.

வேலை எப்போதும்போல. அருங்காட்சியகத்தின் அடித்தளம், ஜன்னல் கிடையாது. தட்டுத் தட்டாகக் கிரேக்கப் பானைத் துண்டுகள். கழுவி, எண் போட்டு, எது எதோடு சேரும் என்று பார்க்க வேண்டும். நேற்று ஒரு கைப்பிடிக்கு அதன் தோள் கிடைத்தது. நானும் மேலாளரம்மாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு செய்திக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் நம்ப வேண்டுமாக்கும். ஏதோ ஒரு வால் ஆடியதால்தான் அவருடைய கண் அந்த மூலைக்குப் போயிருக்கிறது.

போனால் போகட்டும், விடு. அப்போது எதுவும் கிடைக்காது, அதனால் கையில் சிக்கியதையெல்லாம் சேர்த்தேன். இன்றைக்கு அருங்காட்சியகங்களே தங்கள் பானைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. அகராதி இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, விரல் வைத்தால் பெரிதாகும் வரைபடம் இருக்கிறது. ஒரு அட்டைப் பெட்டிக்காகச் சண்டை வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

பி.கு. வரைபடத்தின் வலது கீழ்மூலையைப் பூச்சி அரித்திருந்ததே, இப்போது எப்படி இருக்கிறது? அகராதியின் முதுகு பிய்ந்துவிட்டதா? மூக்கறுந்தானை வெயில் படுகிற பக்கம் வைக்காதீர்கள். கடை எப்படி இருக்கிறது?


ஜூலை 2

'விடு' என்று ஒரு வரி எழுதிவிட்டு, விடாமல் மூன்று கேள்வி கேட்கும் அக்காவுக்கு,

நலம். கடையும் நலம். கடைக்கு இடது முழங்காலில் வலி, படி ஏறும்போது மட்டும். கடை இப்போது சர்க்கரை போடாமல் டீ குடிக்கிறது, முகத்தைச் சுளித்துக்கொண்டு. நீ கடையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் கடையைப் பற்றியே சொல்வேன். வேறு யாரைப் பற்றியாவது தெரிய வேண்டுமென்றால் பெயரைச் சொல்லிக் கேள்.

கடை உன்னைப் பற்றிச் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான்: "நான் முழுசா விக்கிறேன், அவ உடைஞ்சதைப் பொறுக்குறா." ஆனால் ஒன்று கவனித்தேன். நீ பள்ளியில் படித்தபோது மாதிரி டைல்ஸில் ஒட்டிய சீட்டுகளில் ஒன்று இன்னும் சுவரில் இருக்கிறது. 'வழுக்காது' என்று. புள்ளிக்குப் பதிலாகக் குட்டி வட்டம் போட்டிருப்பாயே, அதே எழுத்து. அந்த ரகம் வருவது நின்று ரொம்ப நாளாகிறது. அதைக் கேட்டு வருகிறவர்களிடம் "அது விக்கிறதுக்கு இல்ல" என்கிறார். கிழித்துப் போட்டாலாவது ஒரு சண்டை குறையும். போடமாட்டேன் என்கிறார். பக்கத்தில் டைல்ஸ் அடுக்கும் இரும்பு ஸ்டாண்ட் ஒன்று சும்மா நிற்கிறது. அதில் சாப்பாட்டுப் பையை மாட்டி வைத்திருக்கிறார்.

இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்கிறாய். என் இணையம் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. பள்ளிக் கணினி அறையில் மாதிரித் தேர்வைத் தவிர வேறு எதுவும் திறக்காது. எங்களுக்கு அந்த மூலைதான். வரைபடத்தின் வலது மூலையில் ஒரு தீவைப் பூச்சி தின்றுவிட்டது, மற்றபடி நலம். பெட்டியில் அச்சடித்த 'இந்தப் பக்கம் மேலே' அம்பைத்தானே நீ வடக்காக வைத்தாய்? அது இன்னும் வடக்கைத்தான் காட்டுகிறது.

இப்போது திட்டம். உன் அட்டை ஒன்றில் படித்தேன்: ஏதென்ஸ்காரர்கள், பிடிக்காத பெரிய மனிதரின் பெயரைப் பானை ஓட்டில் கீறி வாக்குப் போட்டு அவரை ஊரைவிட்டு அனுப்பினார்களாமே. அக்கா, யோசித்துப் பார். பானைத் துண்டு ஓடு. தேர்தலில் போடுவது ஓட்டு. துரத்துவதும் ஓட்டு. துரத்தினால் சொல்வது ஓடு. ஓட்டில் ஓட்டுப் போட்டு ஓட்டினால் ஓடத்தான் வேண்டும். கிரேக்கர்கள் தமிழில் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

விளக்குமாறுக்கு ஓட்டில் ஓட்டு. உடைந்த டைல்ஸுக்கு நம் வீட்டில் பஞ்சமா?

இப்படிக்கு,
ஏதென்ஸ் நகர வாக்காளன்


ஜூலை 14

அன்புள்ள வாலு,

நலம். முழங்காலுக்கு மருத்துவரிடம் காட்டினார்களா என்று கடையிடம் கேட்டுச் சொல்.

நீ சொன்ன சிலேடையை மேலாளரம்மாவிடம் விளக்க அரைமணி நேரமானது. அவருக்குப் பிடித்துவிட்டது. பதிலுக்கு ஒன்று சொல்கிறேன். கிரேக்கச் சொல்லும் 'ஓ' என்றுதான் தொடங்கும், ஓஸ்ட்ரகோன். உடைந்த பானைத் துண்டும் அதுதான், ஆமையின் முதுகும் அதுதான், முட்டையின் மேல் இருப்பதும் அதுதான். நம் 'ஓடு' மாதிரியே.

ஆனால் முறை தெரியாமல் ஆடாதே. முதலில் ஊர் கூடி, இந்த ஆண்டு யாரையாவது அனுப்ப வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்றால்தான் பிறகு ஒரு நாளில் ஓடு. யார் பெயரில் அதிகம் விழுகிறதோ அவர் பத்து வருடம் வெளியே இருக்க வேண்டும். அது தண்டனை மாதிரி இல்லை. வீடும் நிலமும் அவருடையவைதான். திரும்பி வந்தால் பழையபடி இருக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒரு பழைய கிணற்றில் ஒரே ஆளின் பெயர் கீறிய ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. எழுத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் கொஞ்சம் பேரே உட்கார்ந்து அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டு கழித்தும் பிடிபட்டார்கள். அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தையும் படி.

இரண்டு, நேர்மைக்குப் பேர்போன ஒரு தலைவரிடம், எழுதத் தெரியாத ஒருவன் ஓட்டை நீட்டி அந்தத் தலைவரின் பெயரையே எழுதித் தரச் சொன்னானாம். இவர்தான் அவர் என்று அவனுக்குத் தெரியாது. ஏன் என்று கேட்டதற்கு, நேர்மையானவர் நேர்மையானவர் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்றானாம். அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். உன்னை நினைத்தால் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வருகிறது, நேர்மையை மட்டும் கழித்துவிட்டு.

அன்புடன்,
அக்கா


ஜூலை 27

அக்கா,

நலம். முழங்கால் பற்றிக் கடையிடம் கேட்டேன். "யாரு கேட்டா?" என்றது. "நான்தான்" என்றேன். "உனக்கு எதுக்கு?" என்றது. உனக்கும் கடைக்கும் நடுவில் தபால்காரனாக இருப்பதற்குச் சம்பளம் கிடையாதா?

நேற்று நடந்ததைக் கேள். மூலையில் உட்கார்ந்து அகராதி புரட்டிக்கொண்டிருந்தேன். விளக்குமாறு வந்தார்.

"யாரு அது மூலையில?"

"பாரெய்மி சார்."

"வாலா? நினைச்சேன். இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?"

"வராது சார்."

"அப்புறம் எதுக்குப் படிக்கிற?"

"வர்றதைத்தான் நீங்களே சொல்லிக்கொடுத்துடுறீங்களே சார். வராததை நாங்களேதான் படிச்சாகணும்."

நூலக டீச்சருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார்.

"அடுத்த மாசக் கடைசிக்குள்ள இது போகணும்" என்றார் அவர். "எனக்கு இதுமேல ஒண்ணும் கோபம் இல்ல டீச்சர். கைடெல்லாம் தரையில கிடக்குது, பசங்க மிதிச்சிட்டுப் போறாங்க. இடம் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அவர் போனபிறகு டீச்சரிடம் பேசினேன். காலி செய்வதற்கு முன் ஒரே ஒரு கண்காட்சி: 'பழைய கிரேக்கத்தைத் தெரிந்துகொள்ள நம்மிடம் என்னென்ன இருக்கின்றன.' கடைசியில் செய்முறை விளக்கமாக ஓட்டு வாக்கெடுப்பு. டீச்சர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பேர் எழுதுறதுன்னா யார் பேரு?" என்றார். "யார் மூலைக்குத் தொந்தரவோ அவங்க பேரு டீச்சர்" என்றேன். அனுமதி கிடைத்தது.

பயப்படாதே. முழுப் பள்ளியும் என் பின்னால் நிற்கிறது.

ஒரு கேள்வி. பத்து வருடம், வீடு அவர்களுடையதாகவே இருக்கும் என்று எழுதியிருந்தாயே. உனக்கு யார் ஓடு போட்டார்கள்? எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது?

இப்படிக்கு,
தேர்தல் அதிகாரி


ஆகஸ்ட் 8

அன்புள்ள வாலு,

நலம். கண்காட்சிக்கு உதவியாக எங்கள் அருங்காட்சியகத்தின் படத்தாள்கள் சில அனுப்பியிருக்கிறேன். மடிக்காமல் வை. கோப்பைகளைக் கீழ்த் தட்டில் வை, பிள்ளைகள் குனிந்து பார்க்கட்டும். எழுத்து வரிசையைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டு. தங்கள் பேரைக் கிரேக்க எழுத்தில் எழுதிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் பிடிக்கும்.

மழை நின்றுவிட்டது.

எனக்கு யாரும் ஓடு போடவில்லை. கேட்டுவிட்டுப் போகவில்லை நான், சொல்லிவிட்டுப் போனேன். அவ்வளவுதான். மறுபடி போக வேண்டி வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அக்கா


ஆகஸ்ட் 19

வெற்றி வெற்றி என்று எழுதக் கை துடிக்கிறது அக்கா, ஆனால் தலைவர்கள் தன்னடக்கத்தோடுதான் தொடங்க வேண்டும். ஆகவே: நலம், நலம் அறிய ஆவல்.

மூலை நிற்கிறது. ஒரு கோப்பை அசையவில்லை. மூக்கறுந்தான் தன் மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வரைபடம் சுவரில் இருக்கிறது.

கண்காட்சிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். தங்கள் பேரைக் கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள் வராந்தாவரை வரிசை கட்டினார்கள். ஓடுகளைச் சுத்தியலால் நானே உடைத்தேன். நீலப் பூப் போட்ட குளியலறை ஓடு, சமையலறை வெள்ளை, மரக்கோடு மாதிரி ஒன்று, எல்லாம் வளைவும் நெளிவுமாக, ஒன்றைப்போல் ஒன்று கிடையாது. கூர்முனையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எழுத ஆணி. கிரேக்கர்கள் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்கள்.

பிறகு ஓட்டு. பிறகு எண்ணிக்கை. பிறகு விளக்குமாறு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் கைடுகளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். ஒருவன் நிமிர்ந்து நின்றால் போதும் என்பதை வரலாறு மறுபடி ஒருமுறை பார்த்தது.

இப்படிக்கு,
மூலை காத்த முதல்வன்


ஆகஸ்ட் 31

அன்புள்ள வாலு,

நலம். மூலை நிற்கிறது என்ற வரியை நாலு முறை படித்தேன். சந்தோஷம்.

இனி என் தொழில் புத்தி கேட்கும் கேள்விகள். ஓடு எந்த நிறம் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். யாருக்கு எத்தனை விழுந்தது என்று ஒரு வரி இல்லை. 'பிறகு எண்ணிக்கை' என்பதற்கும் 'பிறகு விளக்குமாறு என்னைப் பார்த்தார்' என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய துண்டு காணோம். எந்தப் பானையிலும் அந்த இடத்தில்தான் முக்கியமான படம் இருக்கும்.

யார் எண்ணினார்கள்? இடம் இல்லை என்றவருக்கு வராந்தாவில் இடம் எப்படி வந்தது?

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 21

வாலு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. அம்மா, நீ நன்றாகச் சாப்பிடுகிறாய், நன்றாகத் தூங்குகிறாய் என்கிறாள். சரி.

இன்று ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. டைல்ஸ் அட்டையை வெட்டிச் செய்த பெட்டி, வைக்கோல் வைத்து, கயிறு குறுக்கே இரண்டு முறை கட்டி. உள்ளே ஒரு ஓடு. ஒரு பக்கம் என் பழைய சீட்டு, 'வழுக்காது'. திருப்பினால் சொரசொரப்பான பக்கத்தில் ஒரே எழுத்து கீறியிருக்கிறது: 'வா'.

அம்மாவிடம் கேட்டேன். "பார்சலா, யாரு அனுப்புனா?" என்கிறாள்.

நீ ஆறாம் வகுப்பை நம்ப வைத்தவன். நிர்வாகத்தின் பேரில் அறிவிப்பு ஒட்டியவன். நான் கேட்காமலேயே அந்தச் சீட்டைப் பற்றி எனக்கு எழுதியவனும் நீதான். அப்பா மாதிரியே கயிறு கட்டத் தெரிந்தவனும் நீதான். நல்ல எண்ணத்தில் செய்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதை வைத்து விளையாடாதே. நான் அந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு சலவைக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. டிக்கெட் விசாரிக்கப் போனவள் பாதி வழியில் உன் முகம் ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன். அந்தச் சீட்டு ஒட்டிய ஓட்டை உடைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்த ஓட்டை அனுப்பியது நான் இல்லை. நீ நம்பமாட்டாய். உன்னிடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன். அதனால் விட்டுப்போன துண்டையெல்லாம் இப்போது கொடுத்துவிடுகிறேன். நீயே ஒட்டிப் பார்.

முழுப் பள்ளியும் என் பின்னால் நிற்கவில்லை. அது எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் வாக்கெடுப்புக்கு முந்தின நாளே 'விளக்குமாறு' என்று ஒரு பை நிறைய ஓடு நானே கீறி வைத்துக்கொண்டேன். கிணற்றுக் கதையை நீ எழுதியும்கூட. அவர்கள் பிடிபட அத்தனை நூற்றாண்டு ஆனதே, எனக்கு ஒரு நாள் போதும் என்று நினைத்தேன்.

வாக்கெடுப்பு நடந்தபோது, கையில் மாவுக்கட்டுப் போட்ட ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓட்டை நீட்டி, "அண்ணா, எழுத முடியல, எழுதிக் குடுங்க" என்றாள். யார் பேர் என்றேன். "வாலுன்னு எழுதுங்க. யாருன்னு தெரியாது. அந்த அண்ணன் இருந்தா லைப்ரரியில ஒரு வரி படிக்க முடியாதாம், எல்லாரும் சொல்றாங்க." எழுதிக் கொடுத்தேன் அக்கா. நன்றாகவே எழுதிக் கொடுத்தேன்.

எண்ணியது நூலக டீச்சர். முதலில் என் பை ஓடுகளைத் தனியே ஒதுக்கினார். 'க்' மேல் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் குட்டி வட்டம். உன்னிடம் எழுதக் கற்ற பாவம். கையில் உன் அட்டையை வைத்துக்கொண்டே ஒதுக்கினார்: 'எழுத்தைப் பார்த்து எத்தனை கை என்று கண்டுபிடிப்பது எப்படி.' மூலை அன்றைக்கு உண்மையாகவே பயன்பட்டது, எனக்கு எதிராக. மீதி ஓடுகளில் பெரும்பாலானவற்றில் என் பெயர். நூலகத்திலிருந்து வெளியேற்றம். பத்து வருடத்தைக் கருணையோடு ஒரு பருவமாகக் குறைத்தார்கள். இந்தக் கடிதத்தை வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

விளக்குமாறு அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா கடையிலிருந்து நேராக வந்தார், சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. மேஜையில் என் ஓடுகள்.

"பாருங்க சார், உங்க பையன் எழுத்து."

அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த வட்டத்தை விரலால் தடவினார். "இது என் பொண்ணு எழுத்து" என்றார். "அவன் அதைப் பார்த்து எழுதுனவன்."

பிறகு மூலைக்குப் போனார். அவர் அதைப் பார்த்ததே இல்லை அக்கா. நீ கூப்பிட்டதும் இல்லை, அவர் வந்ததும் இல்லை. வரைபடத்துக்கு முன்னால் நின்றார். அவ்வளவு நேரம் நின்றார்.

"இது எங்க கடைப் பெட்டி" என்றார்.

"இருக்கலாம் சார். இப்போ அது குப்பை. மாசக் கடைசியில எல்லாம் கீழ இறங்குது."

அப்பா அந்த அம்பின் மேல் விரல் வைத்தார். "இந்தப் பக்கம் மேலன்னு போட்டிருக்கு சார். இதைக் கீழ போடக் கூடாது."

விளக்குமாறு, இடம் இல்லையே என்றார். "இடம்தானே பிரச்சினை?" என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கடை வண்டியில் அந்த இரும்பு ஸ்டாண்டைக் கொண்டுவந்து வராந்தாவில் இறக்கினார். கைடுகள் அதில் ஏறின. விளக்குமாறும் ஒரு கை கொடுத்துத் தூக்கினார். கெட்ட மனுஷர் இல்லை அவர், இடம்தான் இல்லாமல் இருந்திருக்கிறது.

ஆகவே மூலையைக் காத்தது நான் இல்லை. கடை.

பத்து நாள் கழித்துக் கடைக்குப் போனால், சுவரில் 'வழுக்காது' ஒட்டிய ஓட்டில் சீட்டோடு ஒரு மூலையைக் காணோம். இத்தனை பொய் எழுதிய கையால் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் சும்மா இருந்தேன்.

'வா'வில் புள்ளி இல்லை. அதனால் எழுத்தை வைத்து யார் கை என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நீ ஓடு படித்தவள். எழுத்தை விடு, விளிம்பைப் பார். நான் சுத்தியலால் உடைப்பவன், என் ஓடெல்லாம் வளைவும் நெளிவுமாகத்தான் இருக்கும் என்று நானே உனக்கு எழுதியிருக்கிறேன். உன் கையில் இருப்பது உடைந்த ஓடு இல்லை, வெட்டின ஓடு. ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும். டைல்ஸ் வெட்டும் மெஷினை அப்பா யாரையும் தொட விடமாட்டார். உன்னைத் தவிர.

இப்படிக்கு,
அதிக ஓட்டுப் பெற்று ஓட்டப்பட்ட
வாலு

பி.கு. இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றிருந்தேன். 'கீழ போடக் கூடாது' என்று அப்பா சொன்னபோது நான் அவர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றதாக உனக்கு எழுத எவ்வளவோ ஆசை. நான் மூக்கறுந்தானின் மேஜைக்கு அடியில் இருந்தேன். அவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டதுமே போய்விட்டேன், மேலே எழுதியதெல்லாம் அங்கிருந்து எட்டிப் பார்த்ததுதான். பேச்செல்லாம் முடிந்தபிறகு அந்தச் செருப்பு மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. "வாலு, வா" என்றார். நீ போய் இத்தனை நாளாகிவிட்டதே, அவர் 'வா' என்பது எப்படி இருக்கும் என்று மறந்திருந்தால் சொல்கிறேன்: குனியவில்லை, பார்க்கவில்லை, இன்னொரு முறை கூப்பிடவும் இல்லை. ஆனால் நான் வெளியே வருகிறவரை அந்தச் செருப்பு அங்கேயே நின்றது.